சன்னது யாருக்கு? சரிபார்ப்பு யாருக்காக?



இலக்கிய அமைப்பின் நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேச வேண்டும் என்பது வழக்கம். நான் ஒரு மூதாட்டி கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உண்மையறியும் குழுவோடு வட மாவட்டக் கிராமம் ஒன்றின் சேரிக்குப் போயிருந்தபோது அவரைச் சந்தித்தேன். அவருடைய மகனைச் சாதி சொல்லித் திட்டி அடித்த வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் பையைத் திண்ணையில் கொட்டினார். முதல் தகவல் அறிக்கையின் நகல், அரசு மருத்துவமனைச் சீட்டு, ஒரு விசிட்டிங் கார்டு. கார்டில் பெயருக்குக் கீழே 'அட்வகேட்' என்றிருந்தது. பதிவு எண் எதுவும் இல்லை. வாய்தாவுக்கு வாய்தா அவரிடம் பணம் வாங்கிப் போனவர் வழக்கறிஞரே அல்ல என்பது விசாரித்தபோது தெரிந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, பிணை மனு உட்பட வழக்கின் முக்கியக் கட்டங்களில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பிணை கிடைத்த நாளில், அம்மாவின் தரப்பைச் சொல்ல நீதிமன்றத்தில் ஒருவரும் இல்லை. உரிமை சட்டத்தில் இருந்தது. அதை எடுத்துப் பேச வேண்டிய இடத்தில் ஒரு பொய் நின்றிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் அழவில்லை. "அவரு வக்கீலா இல்லையான்னு நான் யாருகிட்ட போயி கேக்கறது கண்ணு?" என்றுதான் கேட்டார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடப்போய், வழக்கறிஞர் என்ற தகுதிக்கு இந்த நாட்டில் இருக்கும் 230 ஆண்டு வரலாற்றுக்குள் போக வேண்டியதாயிற்று. அந்த வரலாறு நமக்கு ஒரே நேரத்தில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தகுதியைச் சரிபார்ப்பது அவசியம். அது இல்லாதபோது முதலில் ஏமாறுகிறவர்கள் நம் மக்கள். அதே சமயம், தகுதி என்ற சொல்லை வைத்தே நம்மை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்காவிட்டால் தவறான பக்கத்தில் போய் நின்றுவிடுவோம்.

1. சன்னது பிறந்த கதை

1793இல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த 7ஆம் ஒழுங்குவிதிதான் கம்பெனி நீதிமன்றங்களில் வாதாடும் வக்கீல்களை ஒரு தொழிலாக வரையறுத்தது. சதர் திவானி அதாலத் வக்கீல்களை நியமிக்கும், சன்னது கொடுக்கும், அவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும், கட்டணம் விதிப்படிதான். அதற்குமுன் யார் வேண்டுமானாலும் கட்சிக்காரருக்காக வந்து நிற்கலாம் என்ற நிலை இருந்தது. சட்டம் தெரியாதவர்களால் வழக்குகள் கெட்டன என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு இதே ஏற்பாடு 1802இல் வந்தது. அதாவது, கட்சிக்காரரைக் காப்பாற்றுவது என்ற நியாயத்தோடுதான் சன்னது பிறந்தது. இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் வக்கீல்களை எங்கிருந்து எடுத்தார்கள்? கல்கத்தா மதரசாவிலும் காசியில் இருந்த சமஸ்கிருதக் கல்லூரியிலும் படித்தவர்களிடமிருந்து. இந்துக்களும் முஸ்லிம்களும் மட்டுமே வக்கீலாகலாம் என்பது விதி. விதியில் தீண்டாமை என்ற சொல் கிடையாது. காசிக் கல்லூரியின் வாசல் அந்த வேலையைச் செய்தது. எந்தப் பள்ளியில் நுழைய முடியாதோ அந்தப் பள்ளியின் படிப்பைத் தகுதியாக்கிவிட்டால், வேறு தடை தேவையில்லை.

1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் மத, இன வரம்பை நீக்கியது. நன்னடத்தையும் தேர்ச்சியும் இருந்தால் யாரும் வக்கீலாகலாம் என்றது. காகிதத்தில் கதவு திறந்த வருடம் அது. 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் வக்கீல், பிளீடர், முக்தியார் என்று படிநிலைகளை அமைத்தது. அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு நீதிமன்றத் தரகர்களைப் பற்றிப் பேசுகிறது. தரகர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தயாரித்து, அதை நீதிமன்றத்தில் தொங்கவிட வேண்டும். 2023இல் நாடாளுமன்றம் இந்தப் பழைய சட்டத்தை நீக்கியபோதும், தரகர் பட்டியலை விடவில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 45ஏ என்ற புதிய பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. யார் தரகர் என்று சுவரில் எழுதிவைக்கும் யோசனை காலனிய அரசுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. யார் வக்கீல் என்று அந்த அம்மா பார்க்கும்படி சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

2. பட்டம் உண்டு, இடம் இல்லை

தகுதியைத் தீர்மானிக்கிறவர்கள் யார் என்பதைப் பெண்களின் வரலாறு பளிச்சென்று காட்டும். 1916இல் ரெஜினா குஹா கல்கத்தாவில் பிளீடராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். சட்டத்தில் உள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்று உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1921இல் பாட்னாவில் சுதான்சு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். 1923இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய சான்றிதழில் பொய் இல்லை. பொய்யாக இருந்தது தகுதிக்குக் கொடுத்த விளக்கம்.

அதே 1923இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அண்ணல் அம்பேத்கர் வழக்கறிஞராகப் பதிவுசெய்தார். கொலம்பியாவின் பட்டமும் லண்டனின் பட்டமும் பெற்று, 1922இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டராகித் திரும்பியவர். அன்றைக்கு இந்தியாவில் அவர் அளவுக்குப் படித்தவர்கள் மிகச் சிலர். அவரிடம் சன்னது வாங்கப் பணம் இல்லை. நண்பர் நவல் பாத்தெனா கொடுத்து உதவினார். பதிவுசெய்த பிறகும் வழக்குகள் ஓடி வரவில்லை. தீண்டத்தகாதவர் கையில் வழக்குக் கட்டைக் கொடுக்கத் தயங்கும் தொழில் உலகம் அது. 1926இல் புனேயில் பாக்டே, ஜேதே, ஜவள்கர் ஆகிய பிராமணரல்லாத தலைவர்கள் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில் வாதாடி வென்றுதான் அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது.

அவர் வக்கீலாக இருந்ததால் என்ன நடந்தது? மகத் குளத்தை எடுத்துக்கொள்வோம். 1927 மார்ச்சில் குளத்துத் தண்ணீரைத் தொட்டார்கள். டிசம்பரில் சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கினார்கள். அம்பேத்கரே பிரதிவாதி. அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது 1937 மார்ச் 17இல். தீண்டாதார் குளத்தைப் பயன்படுத்தாமல் விலக்கிவைத்ததை, தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று நிரூபிக்க வாதிகளால் முடியவில்லை. பத்து ஆண்டு. சத்தியாகிரகம் குளக்கரையில் நடந்தது ஒரு பகுதி. மனுவும் பதிலும் சாட்சியும் மேல்முறையீடுமாக நடந்தது மறுபகுதி. அந்தப் பத்தாண்டும் அந்த வழக்கை ஒரு பொய் வக்கீல் நடத்தியிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்னையிலும் இந்தக் கதை உண்டு. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியில் நம் தலைவர் என். சிவராஜ் சட்டம் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். 1945இல் சென்னை மேயரானார். ஜோலார்பேட்டைப் பகுதியிலிருந்து வந்த ஏ. வரதராஜன் 1944இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்து, 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். 1793இலிருந்து கணக்குப் போட்டால் 187 ஆண்டுகள். ஒவ்வொரு சன்னதுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் பட்டினி இருக்கிறது. அந்தச் சன்னதுக்கு நிகராகத் தெருவில் அச்சடித்த ஒரு காகிதம் நிற்கிறது என்றால், அவமானம் முதலில் நமக்குத்தான்.

3. எண்ணாமலே சொன்ன எண்கள்

1961இன் வழக்கறிஞர்கள் சட்டம் பழைய படிநிலைகளை ஒழித்து, வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பை உருவாக்கியது. மாநில பார் கவுன்சில்கள் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்க வேண்டும். மோசடியாலோ பொய்த் தகவலாலோ ஒருவர் பட்டியலில் நுழைந்திருந்தால் 26ஆம் பிரிவின்படி இந்திய பார் கவுன்சில் பெயரை நீக்கலாம். உரிமை இல்லாமல் தொழில் செய்பவருக்கு 45ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறை என்கிறது. ஆக, சட்டம் இருந்தது. ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் போயிற்று.

2015இல் இந்திய பார் கவுன்சில் சான்றிதழ் சரிபார்ப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜூனில் டெல்லியின் சட்ட அமைச்சரே பட்டம் போலி என்ற புகாரில் கைதானது நாடே பார்த்த செய்தி. நாட்டின் வழக்கறிஞர்களில் 30 சதவீதம் பேர் போலிகள் என்று பார் கவுன்சில் தலைவர் அதே ஆண்டு பேசினார். 2017இல் அது 45 சதவீதம் வரை போயிற்று. சரிபார்ப்பு முடியாதபோதே சொன்ன எண்கள் இவை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, நாட்டில் பதிவுசெய்த வழக்கறிஞர்கள் சுமார் 25.70 லட்சம். வந்திருந்த சரிபார்ப்புப் படிவங்கள் 7.55 லட்சம். 2019 முதல் 2024 அக்டோபர் வரை டெல்லியில் மட்டும் 107 போலிகளின் பெயர்களை நீக்கியதாகப் பார் கவுன்சில் அறிவித்தது.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சரிபார்க்காமல் சொல்லும் சதவீதம் ஆபத்தானது. 'பாதிப் பேர் போலி' என்ற பேச்சு காற்றில் இருந்தால், சந்தேகம் எல்லோர்மீதும் சமமாக விழாது. மூன்று தலைமுறை வக்கீல் குடும்பத்துப் பையனின் பட்டத்தை யாரும் கேட்பதில்லை. சேரியிலிருந்து முதன்முதலாகக் கறுப்பு அங்கி போட்டு வந்த பெண்ணிடம்தான் 'எந்தக் காலேஜ்?' என்று கேட்பார்கள். ஆகவே எல்லோருடைய பட்டத்தையும் ஒரே விதிப்படி சரிபார்ப்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. சரிபார்ப்பைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை. அரைகுறையாக விட்ட சரிபார்ப்பும் அது வளர்த்த வதந்தியும்தான் நமக்கு எதிரி.

உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 10 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் 8 பேர் கொண்ட குழுவை அமைத்தது. பட்டத்தைச் சரிபார்த்துத் தரப் பல்கலைக்கழகங்களும் தேர்வு வாரியங்களும் கட்டணம் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. சிறிய வரி, ஆனால் அதில் நமக்கு விஷயம் இருக்கிறது. சரிபார்ப்பின் செலவை யார் தலையில் கட்டுவது என்பது எப்போதுமே சாதியோடும் வர்க்கத்தோடும் தொடர்புள்ள கேள்வி. அடுத்த ஆண்டு ஜூலை 30இல் வந்த கௌரவ் குமார் வழக்கின் தீர்ப்பு இதை நேராகவே எடுத்துக்கொண்டது. சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஒடிசாவில் 42,100 ரூபாய் வரை வசூலித்ததாக மனுவில் சொல்லப்பட்டிருந்தது. சட்டம் சொன்னதற்கு மேல் வாங்க அதிகாரமில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சன்னதுக்குப் பணமில்லாமல் அம்பேத்கர் நின்ற 1923க்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் 101 ஆண்டுகள்.

4. மூன்று பேரை ஒன்றாக்கக் கூடாது

'போலி வழக்கறிஞர்' என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு ஆட்களை ஒரே சாக்கில் போடுகிறோம்.

முதலாமவர், படிக்கவே இல்லாமல் சான்றிதழை அச்சடித்தவர் அல்லது அதுகூட இல்லாமல் அங்கி மாட்டியவர். இவர் குற்றவாளி. இதில் இரண்டு பேச்சு கிடையாது. நம் ஆளாக இருந்தாலும் கிடையாது. சாதிச் சங்கத்தின் பெயரையும் தலைவர்களின் படத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு நம் மக்களிடமே வசூல் செய்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு மறைவிடம் கொடுத்தால், அந்த அம்மாவின் மஞ்சள் பைக்கு நாமும் பொறுப்பு.

இரண்டாமவர், காகிதம் அசலாக வைத்திருப்பவர், படிப்புதான் இல்லை. வகுப்புக்கே போகாமல் பணம் கட்டிப் பட்டம் வாங்கியவர். 'லெட்டர்பேட் கல்லூரி' என்ற சொல்லே இவர்களால் புழக்கத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால் 'பட்டம் உண்மையானது' என்றே பதில் வரும். சான்றிதழ் சரிபார்ப்பு இவரைத் தொடாது. இவரைப் பிடிக்க வேண்டுமானால் கல்லூரிக்குப் போக வேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அனுமதி கொடுத்தவர்களையும் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாமவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பத்தாவதோடு நின்று வேலைக்குப் போனவர். பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் வாங்கி, சட்டக் கல்லூரியில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தவர். 2008இன் சட்டக் கல்வி விதிகளில் 5ஆம் விதியின் விளக்கம், அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலை வழியே பட்டம் பெற்றவர்கள் சட்டப் படிப்பில் சேர முடியாது என்கிறது. இவர் யாரையும் ஏமாற்றவில்லை. கல்லூரி சேர்த்துக்கொண்டது, தேர்வு எழுதினார், தேறினார். பள்ளியை நடுவில் விட்டது இவருடைய குற்றமா? எந்தெந்த வீடுகளின் பிள்ளைகள் படிப்பை நடுவில் விடுகிறார்கள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவரையும் முதலாமவரையும் ஒரே பட்டியலில் எழுதுவது அநீதி. 1793இன் காசிக் கல்லூரி வாசலை வேறொரு பெயரில் திறந்துவைப்பதாகிவிடும்.

இவர்கள் மூவருக்கும் வெளியே நாலாவதாக ஒருவர் உண்டு. மனு எழுதித் தரும் அண்ணன், காவல் நிலையத்துக்குக் கூட வரும் அக்கா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடும் தம்பி. நம் இயக்கம் இவர்களால்தான் நடக்கிறது. இவர்களிடம் சன்னது இல்லை. இருப்பதாக இவர்கள் சொல்வதும் இல்லை. ஒரு குறிப்பிட்ட வழக்கில் வழக்கறிஞர் அல்லாத ஒருவர் வந்து பேச நீதிமன்றமே அனுமதிக்கலாம் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. போலிகளை ஒழிப்பது என்ற பெயரில் இவர்களை மிரட்ட நாம் விடக் கூடாது. உதவுவது வேறு, வேடம் போடுவது வேறு.

5. யாரும் திறக்காத பக்கம்

சரிபார்ப்பு என்றதும் மதிப்பெண் பட்டியலையே பேசுகிறோம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவை எடுத்துப் படியுங்கள். யாரை வழக்கறிஞராகச் சேர்க்கக் கூடாது என்று அது பட்டியலிடுகிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் முதலாவது. இரண்டாவதாக, 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர். விடுதலையாகி இரண்டு ஆண்டு கழியும்வரை அவருக்கு இந்த வாசலில் இடமில்லை. தீண்டாமையைக் கடைப்பிடித்தவர் நீதிமன்றத்தில் நின்று நீதி பேசும் தகுதியை இழக்கிறார் என்று நாடாளுமன்றமே எழுதிவைத்திருக்கிறது. சட்ட மாணவர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறோம்?

அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 1955இன் சட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லி அதில் இல்லை. சாதிப் பெயர் சொல்லித் தண்ணீர் மறுத்தவருக்குத் தடை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. குடிசை கொளுத்தியவருக்கு 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்ற பொதுச்சொல்லுக்குள் தேட வேண்டியிருக்கிறது. நீதித் துறையின் தூய்மையைக் காக்கத்தான் சரிபார்ப்பு என்றால், அந்தத் தூய்மைக்குப் பொருள் காகிதத்தின் அசல் தன்மையோடு முடிந்துவிடக் கூடாது.

6. அந்த அம்மாவுக்குப் பதில்

நல்ல வக்கீல் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதும் நம் கண் முன்னால் இருக்கிறது. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு நீர்த்துப்போகாமல் வழக்கறிஞர் பொ. ரத்தினம் பல ஆண்டு விடாமல் போராடினார். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் தாய், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றவும் அரசு வழக்கறிஞரை மாற்றவும் கேட்டு நின்றார். சிறப்பு அரசு வழக்கறிஞராக ப. பா. மோகன் வந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இன்னார்தான் என் வழக்கறிஞர் என்று கேட்டுப் பெறுவதில் ஒரு தாய் காட்டிய உறுதி அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒவ்வொரு தாலுகா நீதிமன்ற வாசலிலும், அங்கே தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் பெயரும் பதிவு எண்ணும் படமும் தமிழில் எழுதி மாட்டப்பட வேண்டும். பதிவு எண்ணைச் சொல்லி யாரும் இலவசமாகச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகங்களில் இருக்க வேண்டும். சரிபார்ப்பின் செலவு விண்ணப்பதாரர் தலையில் விழக் கூடாது. உண்மையாகப் படித்து, விதியின் சிக்கலில் மாட்டியவர்களின் பெயரை நீக்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். மோசடிக்காரர் என்ற பெயர் அவர்கள்மேல் விழக் கூடாது. 24ஏ பிரிவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரும் ஏற வேண்டும்.

இது அரசிடம் கேட்பது. நாம் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வக்காலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன், வக்கீலின் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க நம் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். நம் மாநிலத்தில் அது 'எம்.எஸ்.' என்று தொடங்கி, ஒரு எண்ணும் பதிவான ஆண்டுமாக இருக்கும். கேட்டால் நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அது போதுமான பதில். சட்டம் படிக்கும் மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தெருவுக்கு நாலு வீட்டிலாவது கேஸ் கட்டை வாங்கிப் பாருங்கள். எண்ணை எழுதிக்கொண்டு வந்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.

யாருகிட்ட போயி கேக்கறது என்றார் அந்த அம்மா. அவர் அலைந்து கேட்க வேண்டிய கேள்வியே அல்ல அது. பதிலைச் சொல்ல வேண்டியது பார் கவுன்சிலும் நீதிமன்றமும். அவை சொல்லும்வரை, அவர் வந்து கேட்கும் இடமாக நம் அமைப்பின் திண்ணை இருக்கட்டும்.

ஜெய்பீம்.